கட்டுரை எழுதக் கற்றுத்தருவது எப்படி? ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்க் கட்டுரை சொல்லித்தருபவர்களையும், வீட்டில் கட்டுரை நோட்டோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளின் பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதியது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை ஒட்டியே சொல்கிறேன்.

எழுத்தின் படிநிலைகள் என்று எதைச் சொல்கிறார்கள்?

பொதுவாக ஐந்து: யோசித்துத் திட்டமிடல், வரைவு எழுதுதல், திருத்தி அமைத்தல், மெய்ப்புப் பார்த்தல் (மொழிப்பிழைகளைத் தேடித் திருத்துவது), வெளியிடல். வகுப்பறைப் பேச்சில் சொன்னால், முதல் மூன்றும் ரஃப் நோட்டில் நடக்க வேண்டியவை. நான்காவது, ஃபேர் நோட்டுக்குப் போகும் வழியில் நடப்பது. ஐந்தாவது, எழுதியதை ஆசிரியர் தவிர வேறொருவரும் படிப்பது.

நடைமுறையில் நம் வகுப்புகளில் இரண்டே படிகள்தான் இருக்கின்றன: பிள்ளை எழுதும், ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். திட்டமிடலாவது குறிப்புச் சட்டகம் என்ற பெயரில் ஓரளவு தலைகாட்டுகிறது. முழுசாகக் காணாமல் போனது மூன்றாவது படி, திருத்தி அமைத்தல். அதனால் இங்கே அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

இன்று பேசப்படும் வடிவத்தில் இது 1960, 70களின் அமெரிக்கக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் உருவானது. அங்கும் அதுவரை முடிந்த கட்டுரையை வாங்கித் திருத்தி மதிப்பெண் போடுவதுதான் பாடமாக இருந்தது. ஜேனட் எமிக் என்ற ஆய்வாளர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எட்டுப் பேரை, எழுதும்போது மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்தார். 1971இல் அது வெளிவந்தது. பாடப்புத்தகம் சொல்லும் ஒழுங்கில் எந்தப் பிள்ளையும் எழுதுவதில்லை என்பது அதில் தெளிவாயிற்று. மறு ஆண்டே டொனால்ட் மர்ரே, எழுத்தை முடிந்த பொருளாகப் பார்க்காமல் நடக்கும் வேலையாகப் பார்த்துக் கற்பியுங்கள் என்று எழுதினார். அவர் புலிட்சர் பரிசு வாங்கிய பத்திரிகையாளர். ஒரு பத்தியை ஏழெட்டு முறை அடித்து எழுதுவது தொழிலில் சாதாரணம் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் எழுதியதை எதை வைத்து எடைபோடுவது என்ற யோசனை நமக்குப் புதிதல்ல. நன்னூல் என்ற இலக்கண நூலை எழுதிய, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் அதற்கு ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார். அதற்குக் கீழே வருகிறேன்.

ஐந்தையும் வரிசையாகத்தான் செய்ய வேண்டுமா?

வேண்டாம். 1981இல் லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்ஸும் எழுதிய கட்டுரை இதைத்தான் வலியுறுத்தியது. எழுதுபவர் திட்டமிடுகிறார், எழுதுகிறார், திரும்பப் பார்க்கிறார். ஆனால் இவை ஒன்று முடிந்து ஒன்று வருவதில்லை. பாதி எழுதும்போது திட்டம் மாறும். திருத்தும்போது புதுப் பத்தி முளைக்கும். அதனால் ‘திங்கள் திட்டமிடல், செவ்வாய் வரைவு, புதன் திருத்தம்’ என்று சுவரில் அட்டவணை ஒட்டிவிட்டு, செவ்வாய்க்கிழமை திட்டத்தை மாற்றிய பிள்ளையை அதட்டினால், முறையின் பெயரால் முறையைக் கெடுத்ததாகிவிடும்.

தொடக்கத்தில் மட்டும் படிகளைப் பிரித்துக் காட்ட வேண்டும், ஒவ்வொன்றும் தனி வேலை என்று புரிவதற்காக. எட்டாம் வகுப்பு வந்த பிறகும் பிரித்தே செய்யச் சொல்வது அவசியமில்லை.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சட்டகம் போட்டாலே திட்டமிடல் முடிந்ததுதானே?

சட்டகம் என்பது அறைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது. உள்ளே என்ன வைப்பது என்று யோசிப்பதுதான் திட்டமிடல். ‘மரம் வளர்ப்போம்’ என்று தலைப்புக் கொடுத்தால், ஒரு வகுப்பில் பெரும்பாலானோர் ஒரே சட்டகம் போடுவார்கள்: முன்னுரை, மரங்களின் பயன், மரம் அழிவதன் விளைவு, நம் கடமை, முடிவுரை. பிறகு ஒரே கட்டுரையை எழுதுவார்கள். அவர்களுள் ஒருவர் வீட்டு வாசலில் சாலை அகலப்படுத்துவதற்காகப் புளியமரம் வெட்டப்பட்டிருக்கலாம். அது சட்டகத்தில் எந்தத் துணைத்தலைப்பிலும் அடங்காததால் கட்டுரைக்குள் வரவே வராது.

வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் தலைப்பைப் பற்றிப் பிள்ளைக்குத் தெரிந்தது, பார்த்தது, கேட்டது, சந்தேகம் எல்லாம் சொல்லும் சொற்றொடருமாக ஒரு பக்கத்தில் கொட்டப்படட்டும். ஒழுங்கு வேண்டாம், முழு வாக்கியம் வேண்டாம். பிறகு அவற்றுள் எவை ஒன்றோடொன்று சேரும் என்று கோடிழுத்து இணைக்கட்டும். கடைசியில்தான் துணைத்தலைப்பு. இதற்குப் பத்து நிமிடம் போதும்.

திட்டமிடும்போதே இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்வது நல்லது: இதை யார் படிக்கப்போகிறார்கள்? படித்து முடித்ததும் அவருக்கு எது தெரிந்திருக்க வேண்டும்? ‘ஆசிரியர்’ என்பதை முதல் கேள்விக்கு விடையாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஊராட்சித் தலைவர், பக்கத்து ஊர் நண்பன், ஆறாம் வகுப்புத் தம்பி, யாராவது ஒருவர் இருக்கட்டும்.

‘ஒன்றும் தோன்றவில்லை’ என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளையை என்ன செய்வது?

பேச வையுங்கள். எழுதத் தெரியாத பிள்ளை பெரும்பாலும் பேசத் தெரிந்த பிள்ளை. பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் தலைப்பைப் பற்றிப் பேசட்டும், கேட்டவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும், அந்தக் கேள்விக்கான பதிலை எழுதத் தொடங்கட்டும்.

படமும் கைகொடுக்கும். பத்தாம் வகுப்பில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு வினா வருகிறது. அதைத் தேர்வுப் பயிற்சியாக மட்டும் பார்க்காமல், கீழ்வகுப்பிலேயே கட்டுரைக்கு முந்தைய பயிற்சியாக எடுக்கலாம்.

வரைவைப் பேச்சுத் தமிழில் எழுத விடலாமா?

விடலாம். முதல் வரைவில் விடத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

நம் பிள்ளைக்கு இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும். யோசித்ததை வீட்டில் யாரும் பேசாத எழுத்துத்தமிழுக்கு மாற்றவும் வேண்டும். ‘ஆத்துல தண்ணி வந்துச்சு, நாங்க ஓடிப் போய்ப் பாத்தோம்’ என்று மனத்தில் ஓடுவது, ‘ஆற்றில் தண்ணீர் வந்தது. நாங்கள் ஓடிச் சென்று பார்த்தோம்’ என்று கைக்கு வருவதற்குள் அடுத்த வாக்கியம் மறந்துபோகிறது. அதனால்தான் நேரில் கதைகதையாகச் சொல்லும் பிள்ளை, நோட்டில் நாலு வரியோடு நிறுத்திக்கொள்கிறது. முதல் வரைவில் வந்தபடி எழுதட்டும். எழுத்துவழக்குக்கு மாற்றுவதை மெய்ப்புப் பார்க்கும்போது தனி வேலையாகச் செய்யட்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. ‘அப்படி விட்டால் எழுத்துத்தமிழ் வராமலே போய்விடும், படித்த வீட்டுப் பிள்ளை எப்படியும் தேறிவிடும், முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைதான் நஷ்டப்படும்.’ இதே வாதத்தை 1980களில் அமெரிக்காவில் லிசா டெல்பிட் என்ற கறுப்பின ஆசிரியர் முன்வைத்தார். எழுத்தின் படிநிலைகளைப் பற்றி உற்சாகமாகப் பேசியவர்கள், மொழியின் பொதுவழக்கை நேரடியாகக் கற்றுத்தருவதைக் கைவிட்டுவிடுகிறார்கள், அது வீட்டில் அந்த வழக்கு இல்லாத பிள்ளைகளைத்தான் பாதிக்கிறது என்றார் அவர். நமக்கு இது இன்னும் பொருந்தும். ஆகவே வரைவில் பேச்சுத் தமிழ் என்றால், ஃபேர் நோட்டில் எழுத்துத்தமிழ் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மாற்றும் வேலையைப் பிள்ளையின் தலையில் போட்டுவிட்டுப் போகவும் கூடாது. கரும்பலகையில் பத்து வாக்கியங்களை எடுத்து, ‘போய்க்கிட்டு இருந்தாங்க’ எப்படி ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ ஆகிறது என்று வகுப்பாகச் சேர்ந்து மாற்றிப் பார்க்க வேண்டும்.

உரையாடல் வரும் இடங்களில் பேச்சுத் தமிழ் ஃபேர் நோட்டிலும் இருக்கலாம். பாட்டி பேசுவதை ‘நீ எங்கே செல்கிறாய்?’ என்று எழுதும் கட்டுரையில் பாட்டி இருக்க மாட்டார்.

முதல் வரைவில் பிழை கண்ணில் பட்டால் சும்மா இருக்க வேண்டுமா?

ஆம். கை துறுதுறுக்கும், தெரியும்.

திருத்தி அமைத்தல் என்றால் பிழை திருத்துவதுதானே?

இல்லை. இந்தக் குழப்பம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். நான்சி சோமர்ஸ் 1980இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களும் அனுபவமுள்ள எழுத்தாளர்களும் எப்படித் திருத்துகிறார்கள் என்று ஒப்பிட்டார். மாணவர்களுக்குத் திருத்துவது என்றால் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லைப் போடுவது, திரும்ப வந்த சொல்லை நீக்குவது. அனுபவமுள்ளவர்களோ, நான் சொல்ல வந்தது என்ன, அதற்கு இந்த வடிவம் சரியா, படிப்பவருக்கு இது போய்ச்சேருமா என்று முழுசையும் கலைத்துப்போட்டுப் பார்த்தார்கள்.

விளக்கத்துக்காக நானே எழுதிய ஒரு மாதிரி. ஏழாம் வகுப்பு, தலைப்பு ‘எங்கள் ஊர்க் கண்மாய்’:

‘எங்கள் ஊரில் ஒரு கண்மாய் உள்ளது. அது மிகவும் பெரியது. மழைக்காலத்தில் நிறையத் தண்ணீர் இருக்கும். நாங்கள் அங்கே குளிப்போம். மீன் பிடிப்போம். போன வருடம் மடையைத் திறந்துவிட்டார்கள். ஊரில் சண்டை வந்தது. கண்மாய் பார்க்க மிகவும் அழகாக இருக்கும். நாம் நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும்.’

இதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. வழக்கமான முறையில் ஒரு டிக், ‘நன்று’, கையெழுத்து, முடிந்தது. ஆனால் படிப்பவர் யாரானாலும் ஓரிடத்தில் நின்று கேட்பார்: மடையை யார் திறந்தது? ஏன் சண்டை? மற்ற வாக்கியங்கள் எந்த ஊர்க் கண்மாய்க்கும் பொருந்தும். அந்த இரண்டும் இந்த ஊருக்கு மட்டுமே உரியவை. ஆசிரியரின் வேலை, அந்த இடத்தின் ஓரத்தில் ‘இதைப் பற்றி இன்னும் சொல்’ என்று பென்சிலால் எழுதுவது மட்டும்தான். பிள்ளை வீட்டில் விசாரித்துவிட்டு வந்து எழுதினால் இப்படி ஆகலாம்:

‘போன ஐப்பசியில் ஒருநாள் இரவு எங்கள் கண்மாயின் கீழமடையை யாரோ திறந்துவிட்டார்கள். காலையில் நீர்பாய்ச்சித் தாத்தா போய்ப் பார்த்தபோது தண்ணீர் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. அவ்வளவு இறங்கினால் மேலமடைக்குத் தண்ணீர் ஏறாது. மேலமடைக்காரர்கள் அப்போதுதான் நாற்று நட்டிருந்தார்கள். அன்று மாலை மந்தையில் கூட்டம் போட்டார்கள். இனிமேல் மடைத்திறப்புக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வோர் ஆள் வர வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.’

‘மிகவும் பெரியது’, ‘மிகவும் அழகாக’ இரண்டும் தாமாகப் போய்விட்டன. ‘நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும்’ என்ற கடைசி வரிக்கும் இப்போது வேலையில்லை. வைத்தாலும் குற்றமில்லை, ஆனால் பிள்ளையே எடுத்துவிடும். இங்கே நடந்தது ஒரு சொல்லை மாற்றியதல்ல. எதைப் பற்றிய கட்டுரை என்பதே மாறியிருக்கிறது.

திருத்தி அமைக்கும்போது எதைத் தேட வேண்டும்? பட்டியல் ஏதாவது உண்டா?

அயல்நாட்டுப் பயிற்சிக் கையேடுகளிலிருந்து பட்டியல் எடுத்து மொழிபெயர்த்துச் சுவரில் ஒட்டுகிறார்கள். நன்னூல் பாயிரத்தில் ஒரு நூலுக்கு இருக்கக் கூடாத பத்துக் குற்றங்கள் இருக்கின்றன. இதன் வேர் தொல்காப்பியத்தின் மரபியலிலேயே உண்டு. நாம் அதைப் பாட்டாக ஒப்பிக்க வைத்து, ‘ஈரைங் குற்றம்’ எவை என்று கேட்டு, மதிப்பெண் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதையே கட்டுரை நோட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

‘குன்றக் கூறல்’: சொல்ல வேண்டியதை முழுசாகச் சொல்லாமல் விடுவது. மேலே பார்த்த முதல் வரைவின் மடைச் சண்டை இதற்கு உதாரணம். ‘மிகைபடக் கூறல்’: தேவைக்கு மேல் நீட்டுவது. ‘கூறியது கூறல்’: பிள்ளைகளின் கட்டுரையில் மிக அதிகம் இதுதான். முன்னுரையில் சொன்னது முடிவுரையில் அப்படியே வரும். பக்கம் நிரப்ப நாமே பழக்கிவிட்டது. ‘மாறுகொளக் கூறல்’: முதல் பத்தியில் கைப்பேசி அறிவை வளர்க்கும், மூன்றாம் பத்தியில் அறிவை அழிக்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு ‘ஆனால்’ கூட இருக்காது. ‘மற்றொன்று விரித்தல்’: நூலகம் பற்றிய கட்டுரை இரண்டாம் பத்தியில் திருவள்ளுவர் வரலாறாக மாறுவது.

‘சென்றுதேய்ந்து இறுதல்’ எனக்கு மிகவும் பிடித்தது. தொடக்கத்தில் நன்றாகப் போய், போகப்போகத் தேய்ந்து முடிவது. முன்னுரைக்கு அரைப்பக்கம், பொருளுரைக்கு அரைப்பக்கம், முடிவுரைக்கு ஒன்றரை வரி என்று இருக்கும் எந்தக் கட்டுரை நோட்டைத் திறந்தாலும் இதைக் காணலாம். ‘வெற்றெனத் தொடுத்தல்’ என்பது பொருளில்லாத சொற்களை அடுக்குவது. மேடைப்பேச்சுப் போட்டிக்குத் தயார்செய்த பிள்ளைகளிடம் இது கூடுதலாக இருக்கும். (எழுதிக் கொடுத்தது யார் என்று நான் கேட்கமாட்டேன்.) ‘வழூஉச்சொற் புணர்த்தல்’, அதாவது பிழையான சொல்லைப் பயன்படுத்துவது, பத்தில் ஒன்றுதான். நம் சிவப்பு மை முழுவதும் அந்த ஒன்றுக்கே செலவாகிறது.

பத்தையும் ஒரே நாளில் தேடச் சொல்லாதீர்கள். ஒரு கட்டுரைக்கு இரண்டு போதும். ஆறாம் வகுப்பில் ‘கூறியது கூறல்’, ‘குன்றக் கூறல்’ இரண்டை மட்டும் ஆண்டு முழுவதும் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பத்துக் குற்றத்தை அடுத்து வரும் பத்து அழகையும் பயன்படுத்தலாம்: ‘சுருங்கச் சொல்லல்’, ‘விளங்க வைத்தல்’ இரண்டும் பிள்ளைக்கே புரிகிற அளவுகோல்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். ரொம்பச் சுருக்கினால் விளங்காது.

நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா?

ஆசிரியரே நாற்பது வரைவையும் படித்துக் குறிப்பு எழுத முடியாது. பிள்ளைகள்தான் ஒருவருக்கொருவர் படிக்க வேண்டும். ஆனால் ‘மாற்றித் திருத்துங்கள்’ என்று மட்டும் சொன்னால், அவர்கள் நம்மைப் பார்த்துக் கற்றதைத்தான் செய்வார்கள்: சிவப்புப் பேனாவைத் தேடுவார்கள். ஒற்றெழுத்து விட்டதைச் சுழிப்பார்கள். சிலர் கீழே மதிப்பெண்ணும் போட்டுவிடுவார்கள்.

அதனால் விதி ஒன்று வையுங்கள். எழுதியவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். கேட்பவர் நோட்டைப் பார்க்கக் கூடாது. பார்க்காவிட்டால் எழுத்துப்பிழை தெரியாது, பொருள்தான் காதில் விழும். கேட்டு முடித்ததும் இரண்டு சொன்னால் போதும்: ‘எனக்குப் பிடித்த இடம் இது’, ‘இந்த இடத்தில் எனக்கு ஒன்று தெரிய வேண்டும்’. எழுதியவர் அந்தக் கேள்வியை ஓரத்தில் குறித்துக்கொள்வார். ஆசிரியர் அந்த நேரத்தில் நாலைந்து பேரிடம் உட்காரலாம். அடுத்த கட்டுரைக்கு வேறு நாலைந்து பேர்.

வாசிக்கும்போது எழுதியவருக்கே நாக்குத் தடுக்கும் இடங்கள் உண்டு. அங்கே வாக்கியம் கோணலாக இருக்கிறது என்று பொருள். யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள்.

ஆசிரியர் எழுதிக் காட்ட வேண்டுமா?

கட்டாயம். ஆனால் முடிந்த மாதிரிக் கட்டுரையை அல்ல. பிள்ளைகள் அச்சில் பார்ப்பதெல்லாம் முடிந்த எழுத்து. எழுத்து பிறக்கும்போதே அப்படித்தான் வருகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கரும்பலகையில், முன்கூட்டித் தயார்செய்யாத ஒரு தலைப்பில், பிள்ளைகள் பார்க்க ஒரு பத்தி எழுதுங்கள். நடுவில் நின்று யோசியுங்கள். ‘இந்தச் சொல் சரியாக இல்லையே’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு வரியை அழியுங்கள், மூன்றாவது வரியை முதலுக்குக் கொண்டுபோங்கள், ‘இப்போது எப்படி?’ என்று கேளுங்கள். கேட்டதும் பின்பெஞ்சிலிருந்து யோசனை வரும். ஆசிரியரைத் திருத்துவதில் கிடைக்கும் ஆனந்தம் தனி.

மெய்ப்புப் பார்ப்பதற்கு நல்ல வழி எது?

ஒரு தடவையில் ஒரே வகைப் பிழையை மட்டும் தேடுவது. ஒருமுறை ல, ள, ழ. இன்னொரு முறை ர, ற. அடுத்து ன, ண, ந. வல்லினம் மிகும் இடங்களுக்குத் தனியாக ஒருமுறை. அதிலும் எல்லா விதிகளையும் அல்ல, அந்த வாரம் படித்த ஒன்றை மட்டும். இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பிறகு வல்லினம் மிகும் என்று படித்த வாரத்தில், ‘ஐ’யில் முடியும் சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்க்கட்டும். ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்பதில் ‘ப்’ இருக்கிறதா, அவ்வளவுதான். பால், எண், திணை ஒத்துவருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ‘மாடுகள் வந்தது’ மிகச் சாதாரணமாக வரும்.

பத்தியைக் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் படிப்பது இன்னொரு உத்தி. பொருள் இழுத்துக்கொண்டு போகாததால் எழுத்து கண்ணில் படும்.

பாடவேளை நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம்தான். பாடம் வேறு முடிக்க வேண்டும்.

மாதம் இரண்டு மூன்று கட்டுரை எழுத வைப்பதை ஒன்றாகக் குறையுங்கள். அந்த ஒன்றை மூன்று பாடவேளையில் பரப்புங்கள்: முதல் நாள் யோசித்து வரைவு, சில நாள் இடைவெளி விட்டு வாசித்துத் திருத்தி அமைத்தல், மூன்றாம் நாள் மெய்ப்பும் ஃபேர் நோட்டும். இடைவெளி முக்கியம். எழுதிய மறுநிமிடம் யாருக்கும் தன் எழுத்தில் குறை தெரியாது.

அலுவலர் ஆய்வுக்கு வரும்போது நோட்டில் இத்தனை கட்டுரை இருக்க வேண்டுமே என்பது நிஜமான கவலை. ரஃப் நோட்டின் தாளைக் கட்டுரை நோட்டிலேயே ஒட்டிவையுங்கள். ஒரே தலைப்பின் வரைவும் இறுதி வடிவமும் அடுத்தடுத்து இருந்தால், தலைமையாசிரியர் பச்சை மையோடு உட்காரும்போது காட்டுவதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

வரைவுக்குப் போடாதீர்கள். போட்டால் பிள்ளை வரைவையே அழகாக எழுத முயலும், பிறகு கைவைக்க மனம் வராது. வகுப்புக் கட்டுரையில் வரைவுக்கும் இறுதிக்கும் நடுவே என்ன மாறியது என்பதற்குக் கணிசமான பங்கு கொடுங்கள்.

வெளியிடல் என்றால் பத்திரிகைக்கு அனுப்புவதா?

அனுப்பலாம், ஆனால் அதற்கும் முன்னால் நம்மிடம் அரங்கேற்றம் என்று ஒன்று இருந்தது. எழுதிய நூலை அவையில் வாசித்து, கேட்பவர் எழுப்பும் தடைகளுக்கு நூலாசிரியர் விடை சொல்லி, அவை ஏற்ற பிறகே நூல் நூலாயிற்று. கம்பன் திருவரங்கத்தில் அரங்கேற்றியதாகச் சொல்லும் மரபு எல்லோருக்கும் தெரியும். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மூன்று பேர் வாசிக்கட்டும், வகுப்பு கேள்வி கேட்கட்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்கலாம். வகுப்புக் கையெழுத்து இதழ் இன்னும் நல்லது, பிள்ளைகள் போட்டிபோட்டுப் படம் வரைவார்கள்.

படிப்பதற்கு ஆள் உண்டு என்று தெரிந்தபின் திருத்தி எழுதச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆகவே எங்கே வாசிக்கப்போகிறார்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பொதுத்தேர்வில் திருத்தி எழுத நேரம் ஏது? இதெல்லாம் அங்கே உதவுமா?

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கட்டுரைக்கு எட்டு மதிப்பெண். குறிப்புகளை வினாவிலேயே கொடுத்துவிடுவதால், சட்டகம் போடும் வேலை பாதி முடிந்துவிடுகிறது. மூன்று மணி நேரத்தில் வரைவு, திருத்தம், மறுபடி என்று போக முடியாது, உண்மைதான். அங்கே படிகள் சுருங்கிவிடும். வினாத்தாளைப் படிக்கக் கொடுக்கும் பத்து நிமிடத்தில், ஒவ்வொரு குறிப்புக்கும் எந்தச் செய்தியை வைப்பது என்று மனத்துக்குள் பிரித்துவைப்பது திட்டமிடல். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒற்றும் ல, ள, ழவும் பார்ப்பது மெய்ப்பு. வகுப்பில் மெதுவாகச் செய்து பழகிய பிள்ளைக்குத்தான் இந்தச் சுருக்கம் கைகூடும்.

நோட்ஸ் மனப்பாடம் செய்து எழுதியே நல்ல மதிப்பெண் வாங்குகிறார்களே?

வாங்குகிறார்கள். அதை மறுத்துப் பயனில்லை. மேற்கோள்கள், செய்யுள் அடிகள், ஆண்டுகள் இவற்றை மனப்பாடம் செய்வதில் தவறும் இல்லை. முழுக் கட்டுரையையும் ஒப்பித்த பிள்ளை, குறிப்புகள் கொஞ்சம் மாறி வந்தாலும் திணறும். பிறகு ஒரு விடுப்புக் கடிதத்துக்கோ ஒரு மனுவுக்கோ வேறொருவரைத் தேடிப்போகும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கி வந்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

வீட்டுப்பாடமாகக் கட்டுரை கொடுத்து, முடிந்த வடிவத்தை மட்டும் வாங்கினால் இது நடக்கும். முன்பு அண்ணன் எழுதிக் கொடுத்தார், நோட்ஸ் எழுதிக் கொடுத்தது, இப்போது சாட்ஜிபிடி. யோசிப்பதும் முதல் வரைவும் வகுப்பில், கண்முன்னே நடந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, எழுதியவரிடம் கட்டுரையில் உள்ள ஏதாவது ஒன்றைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். கீழமடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் கண்மாயில் குளித்த பிள்ளை கைநீட்டிக் காட்டும்.

வீட்டில் பெற்றோர் என்ன செய்யலாம்?

திருத்தாதீர்கள். படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதைச் செய்யலாம். பல வீடுகளில் அவர்தான் நன்றாகச் செய்வார், ஊர்ச் செய்தி முழுக்க அவரிடம்தான் இருக்கிறது. பிள்ளை சொல்லும் பதிலை ரஃப் நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய ரஃப் நோட்டுகளை ஆண்டுக் கடைசியில் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் வைத்திருந்தால், அடுத்த ஆண்டு ஆசிரியரிடம் காட்டலாம்.